வெயிலில் நீளும் சாலை

அம்மாவின் பெயர் பாஞ்சாலை. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பட்டறையில் இருபத்தாறு வருடம் களிமண் வார்க்கும் மோல்டு செய்தாள். சித்திரையில் சமயபுரத்துக்கு நடந்து போகிறவர்களுக்கு வருடந்தோறும் ஒரு வரைபடம் அச்சடித்துச் சும்மா கொடுப்பாள். பெண்ணாடம் வரையான பழைய சாலை; எங்கள் தெருவில் ராஜபாட்டை என்பார்கள். அடிபம்பு, தண்ணீர்ப் பந்தல், புளியமரம் எல்லாம் குறித்திருப்பாள்.

நான் நெடுஞ்சாலை சர்வேயர். அந்தப் படம் எனக்கு வெட்கமாக இருக்கும். நீளம் மூன்று சாண். முதல் சாணில் எட்டு கிலோமீட்டர், இரண்டாவதில் ஆறு, மூன்றாவதில் நான்கு.

"ஸ்கேலே இல்லம்மா" என்று போன வருடம் சிரித்தேன்.

"வெயில்ல ரோடு நீளும்டி" என்றாள். அதற்கும் சிரித்தேன்.

இந்த மாசியில் அம்மா போய்விட்டாள். படம் நின்றுவிடக் கூடாது என்று, ஜி.பி.எஸ். அளவில் திருத்திக் கமலம் சித்தியிடம் கொடுத்தேன். பட்டறையில் அம்மாவின் கூட்டாளி. படத்தை ஸ்கிரீன் பிரிண்டிங்கில் அச்சடிப்பது அவர்தான்.

"அக்கா போட்ட படத்தயே திருத்திட்டியா? பலே. இந்த ரோட்டுல நடந்திருக்கியாடி?"

"கார்ல நூறு தடவ போயிருக்கேன் சித்தி."

"அப்ப இது காருக்குப் போட்ட படம். வெள்ளிக்கெழம ஜனங்க கெளம்புறாங்க. செவ்வாக்கெழமைக்குள்ள எதுன்னு சொல்லு. ரெண்டும் அடிக்கப் பேப்பர் இல்ல."

ஞாயிறு காலை ஐந்தரை. துக்க வீடு என்பதால் கோயிலுக்குள் போகவில்லை. கோபுர வாசலில், யாத்திரைக்காரர்கள் சூடம் கொளுத்திக் கிளம்பும் அதே நேரத்துக்குக் கிளம்பினேன். இரண்டு படங்கள், ஒரு கடிகாரம்.

சாணுக்குப் பன்னிரண்டு விரற்கடை. அம்மாவின் படத்தில் ஒவ்வொரு விரற்கடைக்கும் நேரம் குறித்தேன். முதல் விரற்கடை, பத்து நிமிடம். அடுத்தது, பத்து. எட்டரைக்குத் தார் சுட ஆரம்பித்தது. நடை தளர்ந்தது. அப்போதும் பத்து. பத்து மணிக்கு மேல் காலை இழுத்து இழுத்து வைத்தேன். பத்து. இனி முடியாது என்று படத்தைப் பார்த்தேன். புளியமரம் போட்டிருந்தாள். நிமிர்ந்தேன். மரம் நின்றது. அந்த ஒரு விரற்கடை மட்டும் பதினான்கு.

பெண்ணாடம் எல்லையில் மணி பதினொன்று முப்பத்து நான்கு. முப்பத்தாறு விரற்கடை, ஆறு மணி நேரம்; அதில் நான்கு நிமிடப் பிழை.

சூளையில் களிமண் சுருங்கும் என்று மோல்டைப் பெரிதாகச் செய்கிறவள். வெயிலில் நடை சுருங்கும் என்று சாலையைப் பெரிதாக வரைந்திருக்கிறாள். கருவி இல்லை. எட்டாவது வரைதான் படிப்பு. எத்தனை முறை நடந்து பார்த்தாளோ, நான் கேட்டதே இல்லை.

செவ்வாய்க்கிழமை அம்மாவின் படத்தையே கொடுத்தேன். என்னுடையதைக் கிழித்துப் போட்டேன்.

"எப்ப போயி சேந்த?" சித்தி ஸ்கிரீனில் மையைத் தேய்த்தபடி கேட்டார்.

"கணக்குக்கு நாலு நிமிஷம் லேட்டு சித்தி."

"வழியில எங்கனா ஒக்காந்து அழுதிருப்ப."

ஆமாம். புளியமரத்தடியில். படத்தில் பிழை இல்லை.