அன்புக்கரசியின் எருமை

அன்புக்கரசிக்கு இருபத்தெட்டு வயது. சொந்த ஊர் கருமத்தம்பட்டி. அப்பா அங்கப்பன் முன்பு தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போனவர், இப்போது விசைத்தறி ஓட்டுகிறார். மகள் படம் வரையப் படித்தாள். படித்து முடித்து மூன்று வருடம் கல்யாண ஆல்பங்களில் மாப்பிள்ளைகளின் பருக்களை அழித்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகுதான் கோவையில் எங்கள் கேம் கம்பெனிக்கு வந்தாள். கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு மாடி, ஒன்பது பேர், ஒரே ஒரு ஏசி, அதற்குத் தினமும் சண்டை. என் பெயர் லோகப்பிரியா, அங்கே கதை எழுதுகிறவள். மனோஜ்குமார் எங்களுக்கெல்லாம் தலை.

நாங்கள் செய்துகொண்டிருந்த கேமில் விளையாடுகிறவர் முதலில் ஒரு வேடத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒவ்வொரு வேடத்துக்கும் ஒரு விலங்கின் ஆவி துணைக்கு வரும். ஆபத்து என்றால் எச்சரிக்கும், வழி தெரியாவிட்டால் முன்னால் நடக்கும். ஞானிக்கு ஆந்தை. ஆந்தை அலறினால் ஆகாது என்று ஊரே பயப்படும். மனோஜ்குமாருக்கோ அது சொந்தக்காரர் மாதிரி. அவர் குடும்பம் ஆந்தை கூட்டம், குலத்தின் பெயரே அதுதான். அதனால் அந்தப் பறவைக்கு மட்டும் இறகு இறகாகத் திருத்தம் சொல்லி எங்கள் உயிரை எடுத்தார். வேட்டைக்காரிக்குச் சிறுத்தை, போர்வீரனுக்குக் காட்டுப்பன்றி. மிச்சமிருந்தது வழிப்போக்கி. அதை அன்புக்கரசியிடம் விட்டோம். அவள் ஓர் எருமையை வரைந்துகொண்டு வந்து நின்றாள்.

சிரிப்பு அடங்கவே கொஞ்ச நேரம் ஆனது.

"ஏன் அம்மணி, ஆளுகளைத் திட்டறதுக்கு வெச்சிருக்கற மாட்டைப் போயி வழிகாட்டியாக்கறயே!" என்றார் மனோஜ்குமார்.

"சிரிங்கண்ணா, நல்லாச் சிரிங்க. வெயில்ல நாக்கு வறண்டு கெடந்தா உங்க ஆந்தையா வந்து தண்ணி காட்டும்? எருமைக்குத்தானுங்க தண்ணி எங்க இருக்குதுன்னு தெரியும். எங்க மேய உட்டாலும் பொழுதுக்குள்ள ஊடு வந்து சேர்ந்துரும்."

நெற்றியில் வெள்ளைச் சுட்டி, ஒரு கொம்பு மட்டும் கொஞ்சம் கீழே வளைந்தது. பார்த்துப் பழகாத யாராலும் அப்படி வரைய முடியாது. எருமை கேமுக்குள் வந்தது.

மறுநாள் பேக்கரியில் டீ குடிக்கும்போது அது யார் எருமை என்று கேட்டேன். பெயர் சுட்டி என்றாள். எங்கள் பக்கத்தில் கன்றை வாரத்துக்கு, அதாவது பங்குக்கு வளர்க்க, விடுவார்கள். கன்று தோட்டத்துக்காரருடையது, புல்லறுத்துப் போட்டு வளர்ப்பது வேறொரு வீடு. வளர்ந்து, ஈன்று, அதன் கன்று பால் மறந்ததும் தாய் தோட்டத்துக்குத் திரும்பிவிடும். கன்று வளர்த்தவர்களுக்கு. சுட்டி அன்புக்கரசி வீட்டுக்கு வந்தபோது அவள் மூன்றாம் வகுப்பு. ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் கட்டுத்தறியில் கன்று மட்டும் கத்திக்கொண்டு நின்றதாம்.

"அப்பாகிட்ட கேட்டதுக்கு, அது நம்முளுது இல்ல கண்ணுன்னாரு. அவ்வளவுதானுங்க்கா" என்று சொல்லிவிட்டு மிச்ச டீயையும் குடித்தாள்.

எனக்கு அன்றைக்கு முழுக்க வேறு எதிலும் மனம் ஓடவில்லை. நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில் நான் செய்த கூத்தைக் கேளுங்கள். வழிப்போக்கி பத்தாவது லெவலை முடித்துக் கிணற்றடிக்கு வருகிறாள். எருமையின் சொந்தக்காரர் கையில் கயிறோடு வருகிறார். ஓட்டிக்கொண்டு போகிறார். அவள் தனியாக நிற்கிறாள். எழுதும்போதே எனக்குக் கண் கலங்கியது. மனோஜ்குமார் படித்துவிட்டு, "இதுதான்டா சீன்! அழுகாம ஒருத்தனும் தாண்ட மாட்டான்" என்று மேசையைத் தட்டினார். அன்புக்கரசி சந்தோஷப்படுவாள் என்றே நம்பினேன். அவள் பட்டதை நாலு பேர் அறியட்டும் என்பது என் எண்ணம்.

எல்லோரையும் கூட்டி வைத்துப் போட்டுக் காட்டினோம். கயிறு திரையில் வந்ததும் அன்புக்கரசி எழுந்துவிட்டாள்.

"ஞானிகூட ஆந்தை கடைசி வரைக்கும் இருக்குதுங்க. வேட்டைக்காரிகூட சிறுத்தை இருக்குதுங்க. அதுகளைக் கேட்டு ஒருத்தரும் வரலீங்களே. என்ற எருமையை மட்டும் ஏனுங்க புடிச்சுட்டுப் போறீங்க?"

மனோஜ்குமார், "கதைக்கு அழுத்தம் வேணும்ல, அதுக்குத்தான்..." என்று இழுத்தார்.

"நெசத்துல போயிருச்சுங்கண்ணா. இதுலயாவது என்கூட இருக்கட்டும்னுதான் வரைஞ்சேன். இந்த சீன் இருந்தா என்ற எருமையை எடுத்துப்போடுங்க. குதிரையோ நாயோ வெச்சுக்குங்க."

பையை எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது. பேக்கரியில் அவள் என்னை நம்பிச் சொன்னதைத்தான் நான் சீனாக்கியிருந்தேன்.

வீட்டுக்குப் போனதும் என் அம்மா பாப்பாயியிடம் எருமைகளைப் பற்றிக் கேட்டேன். எங்கள் தோட்டத்திலும் எருமைகள் இருந்தன, வாரத்துக்கும் விட்டிருந்தார்கள். அம்மாவுக்கு எருமைகள் பெயரெல்லாம் அத்துப்படி. கருப்பி, வட்டக்கொம்பி, மொட்டைவாலி என்று அடுக்கினார். எது எத்தனை ஈத்து, எதற்கு உதைக்கிற பழக்கம், எல்லாம் சொன்னார்.

"வளத்துனவீங்க பேரும்மா?"

"அதையாரு கண்டா கண்ணு? காட்டு வேலைக்கு வந்தவீங்கதான், ஆரோ."

மறுநாள் காலையில் எல்லோருக்கும் முன்னால் ஆபீசுக்குப் போய் அந்த சீனை அழித்தேன். மனோஜ்குமார் வந்ததும் சொன்னேன். முறைப்பார் என்று எதிர்பார்த்தேன். தாடியைச் சொறிந்துகொண்டு, "எனக்கும் ராத்திரி தூக்கமில்ல. உட்டுரு, அந்தப் புள்ள எருமை அந்தப் புள்ளகிட்டயே இருக்கட்டும்" என்றார். ஆளைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததில் பாதியை அப்போதே மாற்றிக்கொண்டேன்.

அன்புக்கரசி பத்தரை மணிக்கு வந்தாள். நான் ஒன்றும் விளக்காமல், "பத்தாவது லெவலை ஒருக்கா ஆடிப் பாரு" என்றேன். அவள் என்னைப் பார்க்காமலே உட்கார்ந்து ஆடினாள். லெவல் முடிந்தது. வழிப்போக்கி கிணற்றடிக்கு வந்தாள், எருமையும் வந்து பக்கத்தில் நின்றது. பதினொன்றாவது லெவலுக்கான பாதை திறந்துவிட்டது. ஆனால் அன்புக்கரசி போகவில்லை. விசையிலிருந்து கையை எடுத்துவிட்டு, முன்பு சொந்தக்காரர் கயிறோடு வந்த தடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு நிமிடம் ஆனது. இரண்டு நிமிடமும் ஆனது. எருமை வாலை ஆட்டிக்கொண்டு நின்றது.

"ஆரும் வர மாட்டாங்கல்லீங்க்கா?" என்று கேட்டாள்.

"மாட்டாங்க" என்றேன்.

இன்னும் கொஞ்சநேரம் பார்த்துவிட்டுத்தான் நகர்ந்தாள். எருமையை முன்னால் விட்டு, அவள் பின்னால் நடந்தாள்.