அப்பாவின் கிண்ணத்துப் பருப்பு

பிரஷர் என்று சொல்லி டாக்டர் என் உப்பை நிறுத்திவிட்டார். மனைவி அதை அரசாங்க உத்தரவுபோல நிறைவேற்றுகிறாள். அலுவலகத்தில் வாயைத் திறக்காத நான் வீட்டில் தட்டைத் தள்ளிவிட்டுக் கர்ஜிக்கிறேன். இது பரம்பரைச் சொத்து. வேறு சொத்து எதுவும் வரவில்லை.

அப்பா கண்டியில் ஒரு புடவைக்கடையில் சேல்ஸ்மேன். பகல் சாப்பாட்டைக் கடையிலேயே போட்டுவிடுவார்கள். இரவுச் சாப்பாடு கட்டுகஸ்தோட்டையில், எங்கள் வீட்டில். பஸ்ஸை விட்டிறங்கி வந்து, கால் கழுவி, பாயில் உட்கார்ந்து, முதல் கவளத்திலேயே தட்டைத் தள்ளுவார்.

"என்னா பருப்பு இது? வாயில வைக்க முடியல. உப்பு எங்க?"

"மறந்துட்டேங்க" என்று அம்மா உப்புச் சிரட்டையோடு ஓடி வருவாள். அது எப்போதும் அவள் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும். அப்பா ஒரு சிட்டிகை போட்டுப் பிசைந்து, "ம், இப்பதான் பருப்பு" என்று தீர்ப்பளிப்பார்.

எங்கள் தட்டுகளில் அதே பருப்பு உப்போடுதான் இருந்தது. அப்பாவுக்கென்று ஒரு கிண்ணம் எடுத்து வைத்துவிட்டுத்தான் அம்மா சட்டியில் உப்புப் போடுவாள். தினமும் அந்தக் கிண்ணத்தை மட்டும் எப்படி மறக்கிறாள்? பாவம், அம்மாவுக்கு மூளை மட்டு என்று முடிவு கட்டியிருந்தேன். நான் வகுப்பில் முதலாம் பிள்ளை.

தீபாவளிக்குச் சட்டைத்துணி எடுக்க அப்பா என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். பகலில், கடையின் பின்பக்கம், துணிக்கட்டுகளுக்கு நடுவே சாப்பிட உட்கார்ந்தார். சாம்பார் புளித்துப்போன வாடை எனக்கே எட்டியது. இரண்டு வாய் வைப்பதற்குள் முன்னாலிருந்து கூப்பிட்டார்கள். கையைக் கழுவிக்கொண்டு ஓடினார்; சேலை விரித்துக் காட்டினார்; வந்து உட்கார்ந்தார். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் ஓடினார். கடைசியில் முதலாளியே எட்டிப் பார்த்தார்.

"சாம்பார் எப்புடிப்பா இன்னிக்கு?"

"ரொம்ப நல்லாருக்குங்க மொதலாளி."

"அதுக்காக நாள் பூரா திங்கிறதா? ஆள் நிக்குது பாரு."

அப்பா சிரித்தார். வீட்டில் நான் பார்த்தறியாத சிரிப்பு.

அன்றிரவும் தட்டு தள்ளப்பட்டது. "என்னா பருப்பு இது?"

முதலாம் பிள்ளை சும்மா இருக்குமா?

"கடையில புளிச்ச சாம்பார நல்லாருக்குன்னு சொன்னீங்களேப்பா, மொதலாளிகிட்ட?"

அப்பா தள்ளிய தட்டைத் தானே இழுத்துக்கொண்டார். அம்மா சிரட்டையை நீட்டினாள்.

"ஒரு சிட்டிகை போட்டுக்கங்க."

"வேணாம். ரொம்ப நல்லாருக்கு."

கடையில் கேட்ட அதே குரல். கடைசிப் பருக்கை வரை சாப்பிட்டுவிட்டு எழுந்து போனார். அம்மா என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

மறுநாளிலிருந்து எல்லாருக்கும் ஒரே சட்டிப் பருப்பு, ஒரே உப்பு. எதைப் போட்டாலும் அப்பா "நல்லாருக்கு" என்றார். அவருடைய கோபம் போய்விட்டது. அம்மாவுக்கும் ஒருவழியாகச் சமைக்க வந்துவிட்டது. பிறகு எதற்காக அவள் அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள் என்பதுதான் முதலாம் பிள்ளைக்கு விளங்கவில்லை.