கத்தினால் யாரும் வராத வீடு

பேய்ப் படங்களில் கதாநாயகிகளுக்குப் பதிலாக அலறியும் அழுதும் குரல் கொடுப்பதுதான் அவள் பிழைப்பு. தனியாகக் குடியிருந்த வீட்டில் தினமும் அலறிப் பழகுவாள். பக்கத்து வீட்டு அக்கா முதலில் பதறி ஓடி வந்தாள்; போகப் போகப் பழகிவிட்டது.

"இப்ப வர்ற பேயைப் பாத்து எவன்டி பயப்படறான்? திடீர்னு சத்தத்தைக் கூட்டித் தூக்கிவாரிப் போட வைக்கிறாங்க, அவ்வளவுதான்" என்பாள் அக்கா, மாடிப்படியில் பார்க்கும்போது.

"அந்தச் சத்தமே நான்தான்க்கா. என் வயித்துல அடிக்காதீங்க!"

பல நாட்களில் அவளுக்கு வாய்த்த பேச்சுத் துணை அவ்வளவுதான்.

ஒரு காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். கால் அசையவில்லை. உயிர் போகிற வலியில் அலறினாள். ஜன்னல் வழியாக அக்காவின் குரல் மட்டும் வந்தது. "இன்னிக்குப் பிரமாதம்டி! புதுப் படமா?"

ஈரத் தரையில் கிடந்தபடி வாய்விட்டு அழுதாள். அதற்கும் யாரும் வரவில்லை. அழுகையும் அவள் தொழில்தானே!

யாரிடமும் எந்த உதவியும் கேட்டுப் பழகாதவள், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு சாதாரணக் குரலில் கூப்பிட்டாள்.

"அக்கா... கொஞ்சம் வாங்களேன்."

பக்கத்து வீட்டில் ஏதோ பாத்திரம் கீழே விழுந்தது. அடுத்த கணமே அக்கா ஓடி வந்து கதவைத் தட்டத் தொடங்கினாள்.