பருப்புக்கு ஊத்தின எலும்புத்தண்ணி

இதை எழுதவே எனக்கு வெக்கமாக் கிடக்கு. எழுதாமல் விட்டாலும் சரிவராது. கொஞ்ச நாளிலை அதுக்கும் ஒரு நியாயம் கண்டுபிடிச்சுப்போடுவன். நியாயம் கதைக்கிறதிலை என்னை வெல்ல ஆளில்லை எண்டு மனுசி எப்பவும் சொல்லுறவ.

நான் வெளிநாட்டிலை, ஃப்ரிபூர்க் எண்ட ஊரிலை, ஒரு முதியோர் இல்லத்துக் குசினியிலை சமையல்காரன். வீட்டிலையும் அநேகமா நான்தான் சமையல். மனுசிக்கு ஆஸ்பத்திரியிலை பராமரிப்பு வேலை, நேரம் மாறி மாறி வரும். எங்களுக்கு ஒரே ஒரு மகள். யூனிவேர்சிற்றியிலை படிக்கிறாள், எங்களோடைதான் இருக்கிறாள். ரெண்டு வருசத்துக்கு முதல் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் ஆட்டிறைச்சிக் கறியை அவளின்ரை சாப்பாட்டுக் கோப்பையிலை போடப்போக, கையாலை மறிச்சு, தனக்கு இனி மச்சம் வேண்டாம் எண்டாள். மீன், இறைச்சி, முட்டை எல்லாத்துக்கும் எங்கடை வீட்டிலை ஒரே பேர் மச்சம்தான். வெள்ளிக்கிழமையிலை ஒருத்தரும் தொடமாட்டம். நான் ஏதோ கோயில் நேத்தியாக்கும் எண்டு நினைச்சுச் சந்தோசப்பட்டன்.

பிறகு பாத்தால் பாலும் இல்லையாம், தயிரும் இல்லையாம், தேனும் இல்லையாம். வீகனாம். காலமை நான் போட்டுக் குடுக்கிற பால்தேத்தண்ணியும் போச்சு. "மாடு உனக்கு என்ன முறை, மச்சாளோ?" எண்டு நக்கலடிச்சன். அவள் கோவிக்கேல்லை. எங்கடை மாடிக்கு எதிரை மேட்டிலை மேயிற மாடுகளைக் காட்டி, கண்டுக்குட்டி பிறந்து கொஞ்ச நாளிலையே தாயிட்டையிருந்து பிரிச்செடுக்கினம் எண்டு விளங்கப்படுத்தினாள். நான் விடுவனே? முருகனுக்கே பாலாலைதான் அபிஷேகம் எண்டன். அப்பதான் கேட்டாள், "அப்பா, மாட்டிறைச்சியை நீங்கள் வாயிலை வைக்க மாட்டீங்கள். ஆட்டை மட்டும் ஏன் சாப்பிடலாம்?"

மறுமொழி வராட்டி எனக்குக் கோவம்தான் வரும். சாப்பாட்டைப் பழிக்கிறாய், வளத்த வளர்ப்பைப் பழிக்கிறாய் எண்டு தேவையில்லாத கதையெல்லாம் கதைச்சு, கோப்பையைத் தள்ளிப்போட்டு எழும்பினன். வேலையிலை நாளாந்தம் மாட்டிறைச்சி வெட்டுற ஆள் நான். கையுறை போட்டுக்கொண்டு வெட்டினால் பாவம் ஒட்டாது எண்டு நினைப்பு.

போன வருசம், கீழ்நகரத்துப் படிக்கட்டிலை ஏறேக்கை அவளுக்குத் தலை சுத்தி அப்பிடியே இருந்திட்டாள். ரத்தம் எடுத்துப் பாத்தினம். இரும்புச்சத்துக் குறைவு. இறைச்சி சாப்பிடுற பெட்டையளுக்கும் இது வாறதுதான், மூண்டு மாசம் இரும்புச்சத்துக் குளிசை போடட்டும், பருப்பு, பயறு, கீரையெல்லாம் பாத்துச் சாப்பிட்டால் இந்தச் சாப்பாட்டோடையே சுகமா இருக்கலாம் எண்டு டொக்டர் ஆறுதலாச் சொன்னவர். பக்கத்திலை இருந்த எனக்கு அதிலை "குறைவு" எண்ட ஒரு சொல்லுத்தான் கேட்டது. பஸ்ஸிலை வரேக்கை "பாத்தியோ?" எண்டன்.

அந்தக் கிழமையே தமிழ்க் கடையிலை ஆட்டெலும்பு வாங்கினன். வீட்டிலை ஆருமில்லாத நேரம் பாத்துக் குக்கரிலை அவிச்சன். ஆற வைச்சு, மேலை உறைஞ்ச கொழுப்பை வழிச்செறிஞ்சு, துணியாலை வடிச்சு, ஐஸ் தட்டிலை ஊத்தி ஃப்றீசருக்குள்ளை வைச்சன். பிறகு அவளுக்குப் பருப்பு அவிக்கேக்கையெல்லாம் தண்ணிக்குப் பதிலா அந்தக் கட்டியிலை நாலைஞ்சு. மணம் தெரியாமல் இருக்க உள்ளியும் பெருஞ்சீரகமும் கொஞ்சம் கூட. என்ன கைப்பக்குவம் பாத்தீங்களோ! முப்பது வருசத் தொழிலை இதுக்குத்தான் பாவிச்சனான்.

இதை மட்டும் சொல்லாமல் விடேலாது. எங்கடை இல்லத்திலை தன்ரை சமயத்தாலை பண்டியிறைச்சி சாப்பிடாத ஐயா ஒருத்தர் இருக்கிறார். அவருக்குத் தனிச் சட்டி, தனிக் கறண்டி. ஒருநாள் கூட வேலை செய்யிற ஒருத்தர் ஒரே கறண்டியாலை ரெண்டு சட்டியையும் கிண்டிப்போட்டார். நான் போட்ட சத்தத்திலை மேல்மாடியிலை இருந்த நேர்ஸ்மார் இறங்கி வந்திட்டினம். ஒரு மனுசன்ரை நம்பிக்கையோடை விளையாடுறியோ எண்டு கத்திப்போட்டு, பின்னேரம் வீட்டை வந்து மகளின்ரை பருப்புக்குள்ளை எலும்புத்தண்ணி ஊத்தினன். கை நடுங்கினது எண்டு எழுத ஆசைதான். நடுங்கேல்லை.

மூண்டு மாசத்தாலை திரும்ப ரத்தம் பாத்தினம். எல்லாம் நல்ல மட்டத்துக்கு வந்திட்டுது. மகள் வீட்டை வந்த வேகத்திலை என்னைக் கட்டிப்பிடிச்சு, "உங்கடை பருப்பாலைதான் அப்பா" எண்டாள். தன்ரை கொள்கையை மதிச்சு, தனியாச் சமைச்சுத் தந்த அப்பாவாம். நன்றி வேறை சொன்னாள். நான் உள்ளுக்குள்ளை சிரிச்சன். வெண்டிட்டன் எண்ட சிரிப்பு. இப்ப அதை நினைச்சால் நாண்டுகொண்டு சாகலாம் போலை இருக்கு.

கொஞ்ச நாளிலை எங்கடை இல்லத்துக்குச் சாப்பாட்டு ஆலோசனை சொல்லுற பெண் வந்தவ. ஒரு வயசாளிக்குக் கேக்கிற மாதிரி, எலும்பு அவிச்ச தண்ணியிலை இரும்புச்சத்துக் கூடவோ எண்டு கேட்டன். அதிலை சொல்லிக்கொள்ள ஒண்டும் இல்லை, ருசிதான் இருக்கும் எண்டு சொல்லிப்போட்டு அவ தன்ரை கோப்பியைக் குடிச்சா. அப்ப பிள்ளையைச் சுகப்படுத்தினது குளிசை. நான் குடுத்தது மூண்டு மாசக் கள்ளம், வேறை ஒண்டுமில்லை. அண்டைக்கே மிச்சக் கட்டியளைக் கொண்டுபோய்க் கொட்டினன். வாயை மட்டும் திறக்கேல்லை.

விசயம் தானாப் புதைஞ்சுபோகும் எண்டு இருந்தன். ஒரு சனிக்கிழமை காலமை மகள் கொப்பியும் பேனையுமா குசினிக்குள்ளை வந்து நிண்டாள். அவளின்ரை கூட்டாளிப் பிள்ளையள், எல்லாரும் வீகன், மாசத்திலை ஒருநாள் சேந்து சமைக்கிறவையாம். இந்த முறை அப்பான்ரை பருப்பு எண்டு சொல்லிவிட்டாளாம். நான் செய்யச் செய்யப் பக்கத்திலை நிண்டு எழுதினாள். முடிய ஒரு கறண்டி எடுத்து வாயிலை வைச்சவள், இது அந்த ருசி இல்லையே, முந்தி வேறை என்ன போட்டனீங்கள் எண்டு கேட்டாள்.

தேங்காய்ப்பால் கூடப் போட்டனான் எண்டு சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். பேனையைப் பிடிச்சபடி என்ரை முகத்தையே பாத்துக்கொண்டு நிண்டாள். சொல்லிப்போட்டன்.

அழுவாள், இல்லாட்டிக் கத்துவாள் எண்டு பாத்தன். பேனையை மூடினாள். எத்தினை நாள் எண்டு கேட்டாள். மூண்டு மாசம் எண்டன். யூனிவேர்சிற்றிக்குக் கொண்டுபோன சாப்பாட்டுப் பெட்டியிலை இருந்து தான் ஆர் ஆருக்குப் பங்கு குடுத்தது எண்டு வாய்விட்டு யோசிச்சாள். அதிலை ஒரு பிள்ளை பிறந்ததிலையிருந்து இறைச்சி தொடாத பிள்ளையாம். அது வெறும் தண்ணிதானே பிள்ளை, துண்டு ஒண்டும் போடேல்லை எண்டு அந்த நேரத்திலையும் நான் நியாயம் கதைச்சன்.

"டாவோஸிலை அந்தக் குசினிக்காரனும் இதைத்தானே அப்பா சொன்னவன்."

அந்தக் கதையை அவளுக்குச் சொன்னது நான்தான். இந்த நாட்டுக்கு வந்த புதுசிலை டாவோஸிலை ஒரு ஹொட்டலிலை கோப்பை கழுவின காலம், ஒரு வெள்ளிக்கிழமை பெரிய சமையல்காரன் எனக்கு மரக்கறிச் சூப் எண்டு ஒரு கிண்ணம் தந்தவன். குடிச்சு முடிய, பண்டிக்கொழுப்பிலை அவிச்சது எண்டு சொல்லி எல்லாரும் சிரிச்சவை. துண்டு இல்லை, தண்ணிதானே எண்டவன். நான் கக்கூசுக்குள்ளை போய்த் தொண்டைக்குள்ளை விரலை விட்டுச் சத்தி எடுத்தனான். பாஷை தெரியாத இடத்திலை, ஏசவும் வழியில்லாமல் அழுதனான். மகள் சின்னனிலை இதைக் கேட்டு, அந்த மாமா கூடாதவர் எண்டு சொல்லுவாள்.

"நீங்கள் சத்தி எடுத்தனீங்கள் அப்பா. நான் உங்களுக்கு நன்றி சொன்னனான்" எண்டாள். கொப்பியை எடுத்துக்கொண்டு வெளியிலை போனாள்.

பருப்பிலை பங்கு வாங்கினவையிட்டை ஒவ்வொருத்தராத் தேடிப்போய்த் தானே சொல்லி மன்னிப்புக் கேட்டாளாம். நான் செய்த வேலைக்கு அவள் தலை குனிஞ்சாள். நான் வீட்டிலை ரீவி பாத்துக்கொண்டு இருந்தன். மனுசி ஒரு கிழமை என்னோடை கதைக்கேல்லை. மகள் கதைச்சாள். சாப்பிட்டிட்டீங்களோ, வேலைக்கு எத்தினை மணிக்கு எண்டெல்லாம் கேப்பாள். தன்ரை சாப்பாட்டைத் தானே சமைப்பாள். நான் தேத்தண்ணி போடவோ எண்டால், பரவாயில்லை அப்பா, நான் போடுறன் எண்டுவாள்.

இந்தப் பெப்ரவரியிலை அவளுக்கு நல்ல காய்ச்சல். ரெண்டு நாளா ஒண்டும் இறங்கேல்லை. மூண்டாம் நாள் மத்தியானம், பசிக்குதப்பா எண்டாள். எனக்குக் கால் நிலத்திலை நிக்கேல்லை. ஓடிப்போய் அரிசி கழுவி, குழைய அவிச்சு, உப்புப் போட்டுக் கஞ்சி கொண்டுவந்து குடுத்தன். கிண்ணத்தை ரெண்டு கையாலையும் வாங்கினாள். வாய்க்கிட்டைக் கொண்டுபோனவள் நிப்பாட்டிப்போட்டு, இதிலை என்ன இருக்கு எண்டு கேட்டாள்.

"அரிசி, உப்பு, தண்ணி. வேறை ஒண்டுமில்லைப் பிள்ளை."

என்ரை முகத்தைக் கொஞ்ச நேரம் பாத்தாள். நம்ப வேணும் எண்டு அவளுக்கும் ஆசை இருந்தது. அது எனக்குத் தெரிஞ்சது. பிறகு கிண்ணத்தைப் பக்கத்திலை வைச்சாள்.

"அம்மா வந்தாப்பிறகு குடிக்கிறன் அப்பா. குறை நினையாதேங்கோ."

மனுசி வேலையாலை வர ஐஞ்சு மணியாகும். அப்ப ஒண்டரை. நான் வெளியிலை வந்து கதிரையிலை இருந்தன். கதவு திறந்துதான் கிடந்தது. கஞ்சி ஆறி மேலை ஆடை படர்ந்திட்டுது. என்ரை பிள்ளை பசியோடை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.