திருநீறு போட்டுத் துலக்கிய ரூபாய்

காலை ஐந்து மணிக்குத் திருச்சியில் பஸ் ஏறினேன். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். ஓய்வுக்குப் பிறகு மனுஷர்கள் காசி, ராமேஸ்வரம் என்று போவார்கள். நீங்கள் ஒரு ரூபாயைப் பார்க்கப் போகிறீர்கள் என்று வழியனுப்பும்போது மனைவி சொன்னாள். சரிதான். அது 1840ஆம் வருடத்து வெள்ளி ரூபாய். காசு சேகரிப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் அதன் படம் வந்த நாளிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை.

தலைமுறை தலைமுறையாகக் காகிதத்தில் சுற்றிக் கிடந்த வெள்ளிக்கு ஒரு நிறம் வரும். விளிம்பில் ஊதா, உள்ளே போகப்போக நீலம். படத்திலிருந்த ரூபாயில் அந்த நிறம் இருந்தது. கிராமத்து ரூபாய்களில் பெரும்பாலானவற்றை மாலையில் கோக்க வளையம் பற்றவைத்துக் கெடுத்திருப்பார்கள். இதில் அந்தத் தழும்பும் இல்லை. திருமங்கலத்துக்கு மேற்கே பருத்தி போட்டிருக்கும் பேச்சியம்மாள் என்பவருடையது என்று விசாரித்து அறிந்து, போனிலேயே ஒன்பதாயிரம் தருவதாகச் சொல்லிவிட்டேன்.

எட்டு மணிக்கு மாட்டுத்தாவணி. இட்லியை அவசரமாக விழுங்கிவிட்டு, தெற்கு மாசி வீதியை ஒட்டிய சந்தில் அன்வர் பாயின் கடைக்குப் போனேன். பழைய காசு வாங்கி விற்பவர், என் சிநேகிதர். தரம் பார்ப்பதில் அவர் சொல்லுக்கு நான் மறுசொல் சொன்னதில்லை. நான் கொண்டுபோன பளபளப்பான பிளாஸ்டிக் உறையைப் பார்த்ததும் முகம் சுளித்தார். அதில் வைத்தால் கொஞ்ச வருஷத்தில் காசு பச்சை கட்டிவிடும் என்று திட்டி, நடுவில் வட்டம் வெட்டிய அட்டை உறை ஒன்றை எடுத்துக்கொண்டார். லென்ஸ், நகைத் தராசு, பருத்திக் கையுறையோடு கிளம்பினோம்.

பெரியார் பஸ் நிலையத்திலிருந்து திருமங்கலம் இருபது கிலோமீட்டர். அங்கிருந்து கிராமத்துக்கு ஆட்டோ நூற்றிருபது ரூபாய். வழியெல்லாம் கரிசல். பருத்திச் செடிகள் மதியத்துக்கு முன்பே தலை தொங்கிக் கிடந்தன.

பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். பேச்சியம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். கலர் வாங்கிக் கொடுத்து உபசரித்தார். கிணற்று மோட்டார் எரிந்து பத்து நாளாகிறது, செப்புக் கம்பிக் காயில் கட்ட எட்டாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள், நான் வருவதாகச் சொன்ன பிறகுதான் நிம்மதி என்றார். பிறகு ஒரு வெற்றிலைத் தட்டில் ரூபாயைக் கொண்டுவந்து வைத்தார்.

எவர்சில்வர் மாதிரி மின்னியது. ஊதாவும் இல்லை, நீலமும் இல்லை.

பாய் விளிம்பைப் பிடித்து எடுத்து, லென்ஸில் இரண்டு பக்கமும் பார்த்தார். காசில் பொறித்திருந்த ராணியின் கன்னமெல்லாம் மெல்லிய கீறல். தராசில் வைத்தார், எடை சரியாக இருந்தது.

“எதப் போட்டுத் தேச்சீகம்மா?”

“திருநீறுதாண்ணே. குத்துவிளக்கு, குங்குமச்சிமிழு எல்லாம் அப்படித்தான துலக்குவோம். ஏண்ணே?”

பாய் மென்று விழுங்கவில்லை. அந்த நிறம் வர நூறு வருஷத்துக்கு மேல் ஆகும், வந்தவர் அதைத்தான் தேடி வந்தார், இனி இது இரண்டாயிரத்துக்கு மேல் போகாது என்று மெதுவாகச் சொன்னார். பேச்சியம்மாள் சாம்பல் படிந்த விரல்களைச் சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டார்.

“அண்ணந்தான் எழுத்து தெளிவாத் தெரியல, தெரியுற மாதிரி இன்னொரு போட்டோ அனுப்புங்கன்னு சொன்னாக. நேர்லயே வாராகளே, போட்டோ எதுக்கு, காசவே தெளிவா வச்சிருவோம்னு ராத்திரி பூரா தேச்சேன்.”

போனை எடுத்துப் பார்த்தேன். நான் அனுப்பியதுதான். ‘எழுத்து தெளிவாக இல்லை.’ முப்பது வருடமாகக் காசு சேர்க்கிறேன்; ‘தொடாதீர்கள்’ என்று ஒரு வார்த்தை சேர்த்து எழுதத் தோன்றவில்லை. வெட்கமாக இருந்தது.

ஒன்பதாயிரத்தை எடுத்து வெற்றிலைத் தட்டில் வைத்தேன். அவர் தொடவில்லை.

“அம்புட்டு வேணாம்ணே. பாய் சொன்னதக் குடுங்க போதும்.”

“பாய் சொன்னது காசோட வெல. மிச்சம் நான் சொன்ன சொல்லுக்கு” என்றேன்.

பாய் காசை அட்டை உறையில் வைத்து மடித்து, பின் அடித்து, ஓரத்தில் வருடமும் எடையும் எழுதினார். தரம் எழுதும் இடத்தில் ‘துலக்கியது’ என்று எழுதி என்னிடம் நீட்டினார். நான் பேனாவை வாங்கி, அதன் முன்னால் ‘என் பேச்சைக் கேட்டு’ என்று சேர்த்தேன். பாய் சிரித்துவிட்டார்.

மாலை ஐந்து மணி பஸ்ஸில் திருச்சி திரும்பினேன். வீட்டு ஆல்பத்தில் மற்ற ரூபாய்கள் எல்லாம் மங்கலாகவும் சாம்பலாகவும் கிடக்க, இது ஒன்றுதான் கண்ணைப் பறிக்கிறது. இருப்பதிலேயே இதுதான் நல்ல காசு என்கிறாள் மனைவி. நான் மறுப்பதில்லை.

நாலாம் நாள் வாட்ஸ்அப்பில் ஒரு படம் வந்தது. குழாயிலிருந்து தொட்டிக்குள் தண்ணீர் கொட்டுகிறது. பின்னால் ஈரக் கரிசலில் பருத்தி நிமிர்ந்து நிற்கிறது. கீழே பேச்சியம்மாள் எழுதியிருந்தார்: ‘இது தெளிவாத் தெரியுதாண்ணே?’