இடது கைத் தையல்

என் மனைவி ஹைல்விக் இடது கைக்காரி. கென்ட் நகரத்துப் புத்தகம் கட்டும் பட்டறைகளில் எல்லோரும் முதுகுத் தோல்வாரின் மேல் நூலை ஒரு பக்கமாகச் சுற்றினால், அவள் மறுபக்கமாகச் சுற்றுவாள். புத்தகத்தின் முதுகைத் திறந்தால் போதும், தைத்தது அவள்தான் என்று தொழில்காரன் எவனும் சொல்லிவிடுவான். நான் கேலி செய்யாத நாளில்லை.

"முதுகு நிக்குதான்னு பாரு. நூலு எந்தப் பக்கம் போனா உனக்கென்ன?" என்பாள், தலை நிமிராமலே.

இருபத்திரண்டு வருஷம் ஒரே ஜன்னலடியில் வேலை செய்தோம். அவள் தையல் சட்டத்தில் வார்களை விறைப்பாகக் கட்டி, தாள் மடிப்புகளை ஒவ்வொன்றாக வைத்துத் தைப்பாள். நான் பலகையும் மேல்தோலும் போடுவேன். அவளுக்கு வாய் ஓயாது. ஊர்வம்பு முழுக்க அந்தச் சட்டத்தைத் தாண்டித்தான் என்னிடம் வரும். கோபம் வந்தால் மட்டும் பேச்சு நின்று நூல் இழுபடும் சத்தம் கேட்கும். அப்படித் தைத்த புத்தகங்கள்தான் மிக உறுதி. கல்யாணமான புதிதில் நாலைந்து தேறின, தப்பு என்னுடையதுதான்.

இரண்டு மடிப்புகளைச் சேர்த்து ஒரே ஓட்டத்தில் தைத்து நேரத்தை மிச்சம் பிடிப்பது அவளுக்கு ஆகாது. தைக்க வேண்டிய இடத்தில் பசை தடவுவது அதைவிட ஆகாது.

காய்ச்சல் அவளைக் கொண்டுபோய் மூன்று குளிர்காலம் ஆகிறது.

சென்ற தவக்காலத்தில் மடத்துச் சகோதரர் ஓடுல்ஃப் ஒரு பாட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். நடுவே ஒரு புதுத் திருநாளின் பாடல்களைச் சேர்க்க வேண்டுமாம். முதுகைத் திறந்தேன். நூல் மறுபக்கமாகச் சுற்றியிருந்தது.

நடுவில் ஒரு மடிப்பை நுழைக்க, கடைசியிலிருந்து அதுவரை அவள் தையலை அறுத்தாக வேண்டும். அவள் கைவேலை ஒன்றுகூட என் வீட்டில் இல்லை. எல்லாம் அடுத்தவர் அலமாரியில். எனக்கு மனசே வரவில்லை. பசை வைத்து ஒட்டித் தருகிறேன் என்றேன்.

"பத்துப் பேரு தினமும் பொரட்டுற புத்தகம், கில்லிஸ். ஒட்டினா எத்தனை நாள் தாங்கும்? உன் பெண்டாட்டி இருந்தா உன்னை வெளியே துரத்தியிருப்பா."

துரத்தியிருப்பாள்தான். கத்தியை எடுத்தேன். அவ்வளவு இறுக்கமாகத் தைத்திருந்தாள், பாவி. வேண்டிய இடம் வந்ததும் நிறுத்தினேன். ஒரு தையல்கூட அதிகமாக அறுக்கவில்லை. மிஞ்சிய அவள் நூலின் நுனியில் என் நூலை முடிந்து, மீதியை நான் தைத்தேன். கண் கலங்கியதில் ஊசி பலமுறை விரலில் குத்தியது.

வேலை முடிந்த ஆறாம் நாள் ஓடுல்ஃப் வந்தார். எடுத்துக் கொடுக்க எனக்குக் கை வரவில்லை.

"தோலு இன்னும் காயலை, சாமி."

அவர் அட்டையைத் தடவிப் பார்த்தார். நன்றாகக் காய்ந்திருந்தது. என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"ஆமா, ஈரமாத்தான் இருக்கு," என்றார். "ஈஸ்டர் கழிச்சு வந்து வாங்கிக்கறேன்."