பூதக்கண்ணாடிக்கு ஒரு வேலை

தையல் ஆலையில் அவளுக்கு வைத்த பட்டப்பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. ஆனால் அவளுக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாமல் அங்கே எதுவும் நடந்ததில்லை. இருபது வருடமாகத் தைத்து முடித்த சட்டைகளைச் சோதிக்கும் மேசையில் நின்றவள். முதலில் காலர், பிறகு கைப்பட்டி, அப்புறம் உள்புறத்தை வெளியே திருப்பித் தையல், கடைசியில் ஒவ்வொரு பொத்தானையும் ஒரு இழுப்பு. தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஒரு சிவப்பு ஒட்டுத்தாள். அதைப் பார்த்ததும் தைத்தவருக்கு வயிறு எரியும்.

அந்த மேசைக்கு மேலே இப்போது தப்பைத் தானே கண்டுபிடிக்கும் கேமரா மாட்டிவிட்டார்கள். மாதக் கடைசியோடு சோதனைப் பிரிவை மூடுகிறார்கள். அதில் இருந்த பதினோரு பேருக்கும் ஒரு காகிதம் வந்தது. வேறு தொழிலுக்கு மாற வழிகாட்ட நிர்வாகமே ஒரு கோச்சை ஏற்பாடு செய்திருக்கிறது, விருப்பமுள்ளவர்கள் ஆறு முறை சந்திக்கலாம் என்று.

அவளுக்குப் பொறி தட்டியது அங்கேதான். உடைந்த மின்விசிறியை மாற்றித் தரவே மூன்று கோடைகாலம் எடுத்துக்கொண்ட நிர்வாகம் இது. இப்போது இத்தனை அக்கறை எங்கிருந்து வந்தது?

வீட்டில் சொன்னபோது கணவர் சிரித்தார். அவர் பேருந்து ஓட்டுநர். முதுகுவலியால் ஆறு மாதமாக வாரத்தில் மூன்று நாள்தான் வண்டி எடுக்கிறார். அவளுக்கு வேறு வேலை கிடைக்காவிட்டால் வீடு ஓடாது என்பதை இருவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளவில்லை.

"விளையாடறவங்களுக்குத்தானே கோச் வைப்பாங்க? நாப்பத்தஞ்சு வயசுல உன்னை எங்க ஓட விடப் போறாங்களாம்?"

கூடத்தில் காய் நறுக்கிக்கொண்டிருந்த அவருடைய அக்கா, இவளுக்கு நாத்தனார், நிமிராமலே சொன்னாள். "போய்ட்டுத்தான் வரட்டுமே. இவகிட்ட மாட்டப் போற கோச்சை நெனச்சாத்தான் பாவமா இருக்கு."

கோச் உட்கார்ந்திருந்தது ஆலையின் பழைய முதலுதவி அறையில். கட்டிலை ஓரம் தள்ளி ஒரு மேசை, இரண்டு நாற்காலி. முப்பது முப்பத்திரண்டு வயதுப் பெண். இந்த வயதில் இந்தப் பெண் எத்தனை வேலை மாறியிருப்பாள் என்று மனசுக்குள் கணக்குப் போட்டபடி இவள் எதிரே உட்கார்ந்தாள். கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டிய படிவத்தை மூன்று முறை படித்தாள். நாலாவது வரியில் 'நான் என் விருப்பத்தின் பேரில்' என்று இருந்தது. விருப்பத்தின் பேரில் எதை? கோச்சைப் பார்ப்பதையா, வேலையை விட்டுப் போவதையா? நாளைக்கு இதைக் காட்டி, நீயாகத்தானே போனாய், உனக்குச் சேர வேண்டியது ஒன்றுமில்லை என்று கையை விரித்தால்? பேனாவை வாங்கி அந்த வரியை அடித்துவிட்டு, அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

"நானா இருந்தாலும் அடிச்சிருப்பேன்" என்றாள் கோச்.

இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொள்கிறாளே என்று சந்தேகம் இன்னும் கூடியது.

முதல் இரண்டு சந்திப்பும் வீண். உங்களுக்குப் பிடித்தது என்ன, பலம் என்ன என்று கோச் கேட்டாள். பிடித்தது என்று தனியாக ஒன்றும் இல்லை, வேலைக்கு வந்தேன், செய்தேன் என்றாள் இவள். துணிக்கடையில் வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் வேலை ஒன்று இருப்பதாகக் கோச் சொன்னபோது இவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. நான் அங்கே நின்றால் இந்தச் சட்டையை வாங்காதீர்கள் என்று வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிவிடுவேன் என்றாள். கோச் அதைக் குறித்துக்கொண்டாள். எதற்குக் குறித்துக்கொள்கிறாள் என்று இவளுக்குப் புரியவில்லை. மேலே போய் மேலாளரிடம் ஒப்பிக்கிறாளோ என்று வெளியே வந்ததும் படிக்கட்டருகே சிறிது நேரம் நின்று பார்த்தாள். கோச் கதவைப் பூட்டிவிட்டு நேரே பேருந்து நிறுத்தத்துக்குத்தான் போனாள்.

மூன்றாவது முறை, உங்கள் வேலையையும் குணத்தையும் நன்றாகத் தெரிந்த மூன்று பேரைச் சொல்லுங்கள், அவர்களிடம் பேச வேண்டும் என்று கோச் கேட்டாள். மற்ற பத்துப் பேரும் தோழி, தங்கை, சித்தி மகள் என்று வேண்டியவர்களைச் சொல்லியிருந்தார்கள். இவள் வேறு வழியில் யோசித்தாள். இந்தப் பெண் எல்லாருக்கும் ஒரே பாட்டைப் பாடுகிறாளா என்று தெரிந்துகொள்ள வேண்டும். தன்னைக் கண்டாலே ஆகாத மூன்று பேரை எழுதிக் கொடுத்தாள். இவளிடம் அதிகமாகச் சிவப்பு ஒட்டு வாங்கிய காலர் தைப்பவர், இஸ்திரிப் பிரிவின் பொறுப்பாளர், அப்புறம் நாத்தனார். மூன்று பேரும் வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அதற்குப் பிறகும் உங்களிடம் பெரிய திறமை இருக்கிறது என்று கோச் சொன்னால், சாயம் வெளுத்துவிடும்.

நாலாவது சந்திப்பில் கோச் நோட்டைத் திறந்து, ஒன்றையும் மறைக்காமல் படித்தாள். காலர் தைப்பவர் சொன்னது: கூடப் பிறந்த தம்பி தைத்த சட்டையாக இருந்தாலும் திருப்பி அனுப்புவாள். இஸ்திரிக்காரர் சொன்னது: லாரி வாசலில் நிற்கும், முதலாளி போனில் கத்துவார், இவள் மேசையில் மட்டும் கை அதே வேகத்தில்தான் போகும், இடிச்ச புளி மாதிரி நிற்பாள். நாத்தனார்தான் நீளமாகப் பேசியிருந்தாள். பூட்டிய பூட்டைத் திரும்பப் போய் இழுத்துப் பார்ப்பாள், மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைக் கூட டாக்டர் சீட்டோடு எழுத்து எழுத்தாக ஒத்துப் பார்ப்பாள், அப்படிப் பார்த்து ஒரு தடவை எனக்கு வந்த மாத்திரையே தப்பு என்று திருப்பிக் கொடுத்தாள், அதற்காக இவளோடு குடித்தனம் செய்ய முடியுமா?

இவள் முகம் சிவந்துபோயிற்று. திட்டுவார்கள் என்று தெரிந்துதான் எழுதிக் கொடுத்தாள். காதால் கேட்பது வேறு.

"மூணு பேரும் ஒரே விஷயத்தைத்தான் சொல்லியிருக்காங்க. நீங்க எதையும் நம்பறதில்ல, யார் அவசரப்படுத்தினாலும் அசையறதில்ல. அவங்களுக்கு அது குறையாப் படுது" என்றாள் கோச். "உங்களை மாத்த என்னால ஆகாதுக்கா. இந்தக் குணம் இருந்தாத்தான் வேலைக்கே எடுப்பேன்னு சொல்ற இடம் இருக்கும், அதைத் தேடுவோம்."

இடம் மருத்துவமனையில் இருந்தது. அறுவை சிகிச்சைக் கருவிகளைக் கழுவி, சோதித்து, தட்டில் அடுக்கி, கொதிநீராவியில் வைத்து எடுக்கும் அறை. அடுக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு கருவியையும் விளக்கடியில் பிடித்துப் பார்க்க ஆள் வேண்டும். தட்டோடு போகும் சீட்டில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். வேலையை அவர்களே கற்றுத் தருவார்கள். ஒரு வாரம் பார்த்துவிட்டுச் சரியென்றால் வைத்துக்கொள்வார்கள்.

போனாள். அந்த அறையை நடத்திய சிஸ்டர் அதிகம் பேசாத, ஓய்வு பெறும் வயதை நெருங்கிய பெண்மணி. கத்தரிக்கோல், இடுக்கி, கொக்கி என்று பெயர் சொல்லி, எந்தத் தட்டில் எத்தனை என்று காட்டிக்கொடுத்தார். முதல் மூன்று நாள் ஒவ்வொரு கருவியையும் இரண்டு தடவை பார்த்தாள். ஆலையில் ஒரு பொத்தானை விட்டுவிட்டால் சட்டைதான் திரும்பி வரும்.

நாலாம் நாள் ஒரு அவசரத் தட்டு. ஆபரேஷன் தியேட்டரிலிருந்து இரண்டு முறை போன் வந்துவிட்டது. ரத்தக்குழாயைப் பிடிக்கும் இடுக்கி ஒன்றைத் திறந்து விளக்கடியில் பிடித்தாள். இடுக்கியின் இரண்டு கைகளும் சேரும் மூட்டுக்குள் கடுகளவு கறுப்பு.

அது பழைய கருவி, எஃகில் விழுந்த கறை, அடுக்கு என்றார் சிஸ்டர். மூன்றாவது முறையாகப் போன் அடித்தது.

இவளுக்கு வேறொரு எண்ணமும் ஓடியது. ஆலையில் மேற்பார்வையாளர்கள் வேண்டுமென்றே ஒரு கிழிசல் சட்டையைக் குவியலில் செருகி, சோதிப்பவர்களைச் சோதிப்பார்கள். இதுவும் அந்த வேலையோ? அல்லது நிஜமாகவே கறைதானோ? கறை என்றால் பெரியவரோடு சண்டை போட்டவள் என்று சனிக்கிழமை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். முதுகைப் பிடித்துக்கொண்டு கட்டிலிலிருந்து எழும் கணவர் கண்முன் வந்து போனார். பேனாவைக் கீழே வைத்தாள்.

"கறையா இருக்கலாம் சிஸ்டர். எனக்குத் தெரியல. தெரியாம நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

சிஸ்டர் அவளை ஒரு பார்வை பார்த்தார். இடுக்கியை வாங்கி, சிறு பிரஷ்ஷால் மூட்டைத் தேய்த்து, வெள்ளைத் துணியில் துடைத்தார். துணியில் பழுப்பாக ஒரு கோடு. எஃகின் கறை துணியில் ஒட்டாது. பழைய ரத்தம் ஒட்டும். சிஸ்டர் அலமாரியிலிருந்து வேறொரு இடுக்கியை எடுத்து நீட்டினார். இவள் அதையும் திறந்து பார்த்துவிட்டுத்தான் தட்டில் வைத்தாள். கையெழுத்துப் போட்டாள்.

சனிக்கிழமை வேலை உத்தரவு கையில் கிடைத்தது. சாயங்காலம் கோச் போனில் கூப்பிட்டு வாழ்த்துச் சொன்னாள். நன்றி சொல்லத்தான் இவள் வாயைத் திறந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன், உண்மையைச் சொல்லணும். அந்த இடுக்கியை அங்க வைக்கச் சொன்னது நீங்களா?"

கோச் சிரித்தாள். சிரித்து முடித்து, எந்த இடுக்கி என்று கேட்டாள்.

"ஒண்ணுமில்ல" என்று போனை வைத்தாள். பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த நாத்தனார், அந்தப் பொண்ணை இப்பவாவது நம்பறியா என்றாள்.

"சிரிச்சது சரியாத்தான் இருந்துச்சு அண்ணி" என்றாள் இவள். "திங்கக்கிழமை சிஸ்டர்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுப் பாக்கறேன்."